எஞ்சினைப் பிரிக்கும் முன் பிரீதரைப் பாருங்கள்

டாப் கவரில் ஆயில் கசிகிறது என்று ஒரு டிராக்டர் பட்டறைக்கு வருகிறது. கேஸ்கெட்டை மாற்றி, போல்ட்டை இறுக்கி அனுப்புகிறார்கள். பத்து நாளில் அதே வண்டி திரும்புகிறது. இந்த முறை கசிவு டைமிங் கவர் சீலில். அதை மாற்றினால் அடுத்தது ஃப்ளைவீல் பக்கம். அதற்குமேல் ஓனர் பொறுக்கமாட்டார், வேறு பட்டறைக்குப் போய்விடுவார். அங்கே விஷயம் தெரிந்த ஒருவர் இருந்தால், ஸ்பேனரைத் தொடாமல், எஞ்சின் ஓரமாகக் கீழே இறங்கும் குழாயின் நுனியைக் குனிந்து பார்ப்பார். காய்ந்த சேறு அடைத்திருக்கும். அதை எடுத்துவிட்டால், புதிதாகப் போட்ட சீல்கள் தாங்கி நிற்கும். அந்த ஓனர் அதன்பிறகு வேறு எங்கும் போகமாட்டார்.

அந்தக் குழாயும், அது தொடங்கும் இடத்திலுள்ள மூடி அல்லது டப்பாவும் சேர்ந்ததுதான் பிரீதர். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக், டிராக்டர் மெக்கானிக் பிரிவுகளை முடித்தவர்கள், ஷோரூம் சர்வீஸில் ஹெல்ப்பராகச் சேர்ந்தவர்கள், ஊர்ப் பட்டறையில் தொழில் பழகுகிறவர்கள் என எல்லோரும் முதல் ஆறு மாதத்துக்குள் கைவசப்படுத்த வேண்டிய வேலை இது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஆனால் பிரீதரைக் கவனிக்கத் தெரிந்தவருக்கு எஞ்சினின் உள்நிலைமை அதைப் பிரிக்காமலே பெருமளவு தெரிந்துவிடும். எந்த வண்டியைப் பிரிக்க வேண்டும், எதைப் பிரிக்கவே கூடாது என்று சொல்லத் தெரிந்த மெக்கானிக்குக்குத்தான் இந்தத் தொழிலில் மரியாதை.

உள்ளே என்ன நடக்கிறது

டீசல் எரியும் நொடியில் பிஸ்டனுக்கு மேலே அழுத்தம் டர்போ இல்லாத எஞ்சினிலேயே 70, 80 பார் அளவுக்கு ஏறும். டர்போ வைத்தவற்றில் 100-ஐத் தாண்டும். ரிங் எவ்வளவு நன்றாகப் பொருந்தியிருந்தாலும் அந்த வாயுவில் ஒரு சிறு பங்கு லைனர் ஓரமாக நழுவி கிராங்க் கேஸுக்குள் இறங்கும். பட்டறைகளில் இதை புளோ-பை என்கிறோம். புத்தம் புது எஞ்சினிலும் இது உண்டு. தேய்ந்த எஞ்சினில் அதிகம், அவ்வளவுதான்.

இறங்கிய வாயு வெளியேறியாக வேண்டும். கிராங்க் கேஸின் உட்புற அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும் என்று கணக்கிட்டுத்தான் ஆயில் சீல்களையும் கேஸ்கெட்டுகளையும் வடிவமைத்திருக்கிறார்கள். சீலின் உதடு தெறிக்கும் ஆயிலைத் தடுக்கும். உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தை அதனால் தாங்க முடியாது. கொஞ்ச அழுத்தம்தானே என்று நினைக்க வேண்டாம். டாப் கவரின் உட்பரப்பு 40 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.1 கிலோ அழுத்தம் சேர்ந்தாலே கவரை உள்ளிருந்து மேல்நோக்கித் தள்ளும் விசை 60 கிலோ. பின் சக்கர டயரில் நாம் வைக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே வரும் அழுத்தம், ஆயிலை எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே பிதுக்கித் தள்ளிவிடும்.

வாயுவோடு நீராவியும் வரும். ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். புளோ-பையோடு இறங்கும் மிச்சம், எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்தால் பிரீதர் வழியே வெளியேறும். எஞ்சின் சூடேறும் முன்பே நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் உள்ளேயே குளிர்ந்து, ஆயிலோடும் கரியோடும் சேர்ந்து, வெண்மையும் பழுப்புமான கூழாகப் படியும். தினமும் வீட்டிலிருந்து வயலுக்கும் வயலிலிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓடுகிற வண்டிகளில் ஆயில் மூடியின் அடியிலும் பிரீதர் வலையிலும் இந்தக் கூழைப் பார்க்கலாம். இதைக் கண்டதும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று ஓனரைப் பயமுறுத்திவிடாதீர்கள். ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சம்ப் பிளக்கை லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம். இருந்தால் அதுதான் முதலில் வடியும். இரண்டும் இல்லையென்றால், பிரீதரைக் கழுவி, ஆயிலை மாற்றி, வண்டியை ஒரு மணி நேரம் லோடில் ஓட்டச் சொன்னால் போதும்.

பவர் டில்லரிலும் பம்ப்செட்டிலும் இருக்கும் ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரு தனி வார்த்தை. பிஸ்டன் கீழே வரும் ஒவ்வொரு முறையும் கிராங்க் கேஸின் இடம் சுருங்குகிறது, மேலே போகும்போது விரிகிறது. அதனால் இவற்றின் பிரீதருக்குள் வாயுவை வெளியே மட்டும் விடும் மெல்லிய தகடு வால்வு ஒன்று வைத்திருப்பார்கள். அந்தத் தகட்டைக் கழுவும்போது தொலைத்தாலோ தலைகீழாக மாட்டினாலோ, அடைப்பே இல்லாமலும் ஷாஃப்ட் ஓரம் ஆயில் கசியும். கழற்றும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே இருக்கிறது, எதனால் அடைக்கிறது

பழைய வண்டிகள் பலவற்றில் ஆயில் ஊற்றும் மூடியே பிரீதர். உள்ளே கம்பி வலையோ இரும்பு நாரோ இருக்கும். இன்னும் சிலவற்றில் டாப் கவரிலிருந்தோ எஞ்சினின் பக்கவாட்டுத் தகட்டிலிருந்தோ ஒரு குழாய் கிளம்பி, சம்புக்குப் பக்கத்தில் திறந்த வாயோடு முடியும். இவை இரண்டும் திறந்தவகை. புதிய வண்டிகளில் மூடியவகை அதிகமாகி வருகிறது. அதில் வாயு ஒரு பிரிப்பான் டப்பா வழியாகப் போகும். ஆயில் துளிகள் அங்கே பிரிந்து சம்புக்குத் திரும்பும். வாயு ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள குழாயில் சேர்ந்து, எஞ்சினுக்குள்ளேயே போய் எரியும். பட்டறைக்கு வரும் எந்த மாடலிலும் முதலில் இந்த வழியை விரலால் தொட்டபடி முழுக்கப் பின்தொடருங்கள். பாதியில் விட்டால்தான் பிரச்சினை கண்ணில் படாமல் போகும்.

காவிரிப் படுகையில் இந்தக் குழாய்க்குப் பெரிய எதிரி சேறு. கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு ஓட்டும்போது எஞ்சினின் அடிவயிறு வரைக்கும் தெறிக்கிறது. வேலை முடிந்ததும் சக்கரத்தையும் பானெட்டையும் கழுவுகிறார்கள். குழாய் நுனியை யாரும் பார்ப்பதில்லை. அடுத்த நாள் வெயிலில் அது ஓடாக இறுகிவிடும். அதற்கு முந்தைய கோடை உழவில் புழுதி. அறுவடை முடிந்து வைக்கோல் கட்டும் இயந்திரத்தை ஓட்டும்போது வைக்கோல் தூசி. பிரீதர் மூடியில் எப்போதும் ஆயில் ஈரம் இருப்பதால் எந்தத் தூசி வந்தாலும் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு மூன்று மாதம் ஷெட்டில் நின்ற வண்டி என்றால் குளவியையும் மறக்காதீர்கள். திறந்த குழாய் நுனியைக் கண்டால் மண்குளவி கூடு கட்டிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அடைப்பு இரண்டு விரற்கடை உள்ளே இருக்கும். சீசன் தொடங்கும்போது முதல் நாளே ஆயில் கக்குகிற வண்டிகளில் இதையும் தேடிப் பாருங்கள்.

மனிதர்கள் வைக்கும் அடைப்பு தனி ரகம். குழாயிலிருந்து ஆயில் சொட்டுகிறது, ஷெட் தரை அசிங்கமாகிறது என்று துணியைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். தண்ணீர் பாட்டிலை நுனியில் மாட்டி, இறுக்கமாகக் கயிறு கட்டியிருப்பார்கள். அறுந்த குழாய்க்குப் பதிலாகக் கையில் கிடைத்த சின்ன விட்டக் குழாயை மாட்டியிருப்பார்கள். அல்லது நீளமான குழாயைத் தொய்வாக விட்டிருப்பார்கள். தொய்வில் தண்ணீரும் ஆயிலும் தேங்கி, அதுவே அடைப்பாகிவிடும். டிரைவரைத் திட்டிப் பயனில்லை. "அண்ணே, இந்தக் குழாய் வழியா எஞ்சின் மூச்சு விடுது. இதக் கட்டினா ஆயில் சீல் வழியா வெளியே வரும். சீலை மாத்தணும்னா வண்டிய ரெண்டாப் பிரிக்கணும்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அவரே அடுத்தவருக்குச் சொல்வார்.

கழற்றிச் சுத்தம் செய்தல்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பி.டி.ஓ.வை விடுவித்து, பின்னால் உள்ள கருவியைத் தரையில் இறக்கி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே கழற்றத் தொடங்குங்கள். எஞ்சின் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதிக்கும் ஆயில் கையைப் பொசுக்கிவிடும். மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துணியால் துடையுங்கள். அந்த மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் பேரிங்குக்குத்தான் போய்ச் சேரும்.

கம்பி வலையையும் இரும்பு நாரையும் டீசலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறவைத்து, பிரஷ்ஷால் கழுவி, உதறிக் காயவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம். பட்டறையில் ஒரு பொறி போதும். காற்று அடித்துக் காயவைப்பதானால் அழுத்தத்தைக் குறைத்து, கண்ணாடி அணிந்து, முகத்துக்கு எதிர்ப்புறமாக அடியுங்கள். சில மாடல்களின் மேனுவலில் வலையை எஞ்சின் ஆயிலில் நனைத்து வடியவிட்டு மாட்டச் சொல்லியிருப்பார்கள். எஞ்சின் குளிரும்போது இதே பிரீதர் வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. ஆயில் ஈரம் அந்தக் காற்றிலுள்ள தூசியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வலை கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். வலையைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் மூடியை மாட்டுவது எஞ்சினுக்குத் தூசியை ஊட்டுவதற்குச் சமம்.

மூடியவகையில் வேலை வேறு. அதன் எலிமென்ட் காகிதமோ நார்ப்பொருளோ ஆக இருக்கும். கழுவினால் பாழாகிவிடும், மாற்றத்தான் வேண்டும். சிலவற்றில் அழுத்தத்தைச் சமன் செய்யும் ரப்பர் சவ்வு ஒன்று இருக்கும். டீசல் பட்டால் ரப்பர் ஊதிவிடும், உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். சவ்வை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசித்துளை அளவு கிழிசலும் தெரியும். டப்பாவிலிருந்து சம்புக்கு ஆயில் திரும்பும் சிறு குழாயையும் கழற்றி ஊதிப் பாருங்கள். அது அடைத்தால், பிரித்தெடுத்த ஆயில் போக இடமின்றி டர்போ பக்கம் போய்விடும்.

குழாயைக் கையால் அழுத்திப் பாருங்கள். வெளியே நன்றாக இருந்து உள்ளடுக்கு உரிந்து தொங்கும் குழாய்கள் உண்டு. ஒரு பக்கம் வெளிச்சம் காட்டி மறுபக்கம் பார்த்தால் தெரிந்துவிடும். மாற்றும்போது அதே உள்விட்டம், ஆயிலைத் தாங்கும் ரப்பர், அதே போக்கு. நுனி எப்போதும் கீழ்நோக்கி, எங்கும் தொய்வில்லாமல் இருக்க வேண்டும். சில கம்பெனிக் குழாய்களின் நுனியைச் சாய்வாக வெட்டியோ ஓரத்தில் பிளவு வைத்தோ கொடுத்திருப்பார்கள். முனை அடைத்தாலும் வாயு போக வழி இருக்கட்டும் என்பதற்காகத்தான் அது. அழகுக்காக அதை நேராக வெட்டிவிடாதீர்கள். டாப் கவரைக் கழற்றி மாட்டும்போது போல்ட்டை அளவுக்குமேல் இறுக்கினால் தகட்டுக் கவர் வளைந்து, கசிவை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? வண்டியோடு வந்த புத்தகம் சொல்வதுதான் கணக்கு. புத்தகம் இல்லையென்றால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தோடும் செய்யுங்கள். பல மாடல்களில் அது 250 மணி நேரத்துக்கு ஒருமுறை. குழாய் நுனியைப் பார்ப்பது மட்டும் சேற்றுழவு நாட்களில் தினசரி வேலை. படுகை மாவட்டங்களுக்காக மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். மே மாதக் கடைசிக்குள் உங்கள் வாடிக்கையாளர்களின் வண்டிகளில் பிரீதர், ஏர் ஃபில்டர், ஆயில் மூன்றையும் முடித்துவிட்டால், குறுவை நடவின்போது நடுவயலுக்கு ஓடும் அலைச்சல் பாதியாகக் குறையும்.

அடைப்பா, தேய்மானமா

இதுதான் வேலையின் சாரம். கிராங்க் கேஸில் அழுத்தம் கூடியிருக்கிறது என்றால் காரணம் இரண்டில் ஒன்று: வாயு வெளியேற முடியவில்லை, அல்லது அளவுக்கு மீறி வாயு உள்ளே வருகிறது. முதலாவது கால் மணி நேர வேலை. இரண்டாவது ரிங், லைனர், பிஸ்டன் என்று ஓனருக்குப் பெருஞ்செலவு. இரண்டையும் பிரித்தறியாமல் எஞ்சினை இறக்கச் சொல்வது அவர் குடும்பத்தின் ஒரு போக வருமானத்தோடு விளையாடுவது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

எஞ்சினைச் சூடாக்கி, ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து வாயின்மேல் கவிழ்த்து வையுங்கள். லேசாக நடுங்கினால் சாதாரணம். தூக்கி எறிந்தால் அழுத்தம் உண்டு. அடுத்து, பிரீதர் குழாயை எஞ்சின் பக்கத்திலேயே கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது அடங்கிவிட்டால் அடைப்பு குழாயில்தான். குழாயைக் கழற்றிய பிறகும், வலையைக் கழுவிய பிறகும், குபுகுபு என்று புகை கிளம்பினால் அது புளோ-பை.

கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட அளந்து சொல்வது மேல். அதற்கான கருவியை நீங்களே செய்யலாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தெளிவான டியூபை வாங்கி, ஒரு பலகையில் ஆங்கில யு வடிவில் ஆணியடித்து, ஒவ்வொரு பக்கமும் அரை மீட்டர் உயரம் இருக்கும்படி வைத்து, நடுவில் அளவுகோல் ஒட்டி, பாதிவரை சாயம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ரப்பர் கார்க் வழியாக டிப் ஸ்டிக் துளையில் பொருத்துங்கள். மறுமுனை காற்றில் திறந்திருக்கட்டும். இரு பக்கத் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசம்தான் அழுத்தம். 10 மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது ஒரு மில்லிபார். மூடியவகை எஞ்சினில் உள்ளே உறிஞ்சும் நிலையும் வரலாம். தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடாமல் நடுவில் ஒரு காலி பாட்டிலைத் தடுப்பாக இணைத்துக்கொள்ளுங்கள். ஐடிலில் ஒருமுறை, முழு த்ராட்டிலில் ஒருமுறை, முடிந்தால் வயலில் ரோட்டவேட்டர் லோடில் ஒருமுறை அளவெடுங்கள். அனுமதிக்கப்பட்ட அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதோடு, அதே மாடலில் நன்றாக ஓடும் வண்டிகளின் அளவையும் நோட்டில் குறித்து வையுங்கள். மேனுவலுக்கு அடுத்தபடி உங்களுக்குக் கைகொடுப்பது அந்த நோட்டுதான்.

புளோ-பை என்று தெரிந்தால் எந்த சிலிண்டர் என்று பார்க்கலாம். மெக்கானிக்கல் பம்ப் வைத்த எஞ்சினில், ஐடிலில் ஓடும்போது, ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் ஒரு நேரத்தில் ஒன்றாகத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தும்போது பிரீதர் புகை சட்டென்று குறைகிறதோ அந்த சிலிண்டரில்தான் கோளாறு. மூன்றில் ஒன்று மட்டும் கெட்டிருந்தால் ரிங் உடைந்திருக்கலாம், பிஸ்டன் கீறியிருக்கலாம். எல்லாமே ஒரே மாதிரி இருந்தால் பொதுத் தேய்மானம். நட்டைத் தளர்த்தும்போது கையைக் குறுக்கே வைக்காதீர்கள், அதிக அழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காமன் ரெயில் எஞ்சினில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அங்கே பைப்பில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறும், உயிருக்கே ஆபத்து. அவற்றுக்கு ஸ்கேனர் இருக்கிறது.

பொதுத் தேய்மானம் என்றால் அதன் காரணத்தையும் தேடிச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஏர் ஃபில்டர் பக்கம்தான் குற்றவாளி: வெடித்த ரப்பர் பெல்லோ, தளர்ந்த கிளிப், மாதக்கணக்கில் மாற்றாத ஆயில் பாத். அதைச் சரிசெய்யாமல் புது ரிங் போட்டால் அதுவும் அதே வேகத்தில் தேயும்.

தவறாகப் பழி சுமக்கும் மூன்று பாகங்கள்

கிளட்ச் வழுக்குகிறது என்று வரும் வண்டியில் கிளட்ச் ஹவுசிங்கின் அடித்துளையில் ஆயில் சொட்டுகிறதா பாருங்கள். எஞ்சினின் பின் சீல் வழியாக வந்த ஆயில் கிளட்ச் பிளேட்டை நனைத்திருக்கும். சீலைத் தொட வண்டியை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். ஒரு நாள் வேலை, இரண்டு ஆள் கூலி. பிரீதரைப் பார்க்காமல் புது சீலும் புது பிளேட்டும் போட்டு அனுப்பினால் அந்த உழைப்பு அத்தனையும் அடுத்த மாதம் திரும்பி வரும்.

டர்போ இன்னொன்று. அதன் ஷாஃப்ட் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்குமேல் சுழலும். அதற்குப் போகும் ஆயில் அழுத்தத்தோடு போகிறது, திரும்பி வரும்போது வெறும் ஈர்ப்பு விசையால் சம்புக்கு வடிகிறது. கிராங்க் கேஸில் அழுத்தம் இருந்தால் வடிய முடியாது. தேங்கிய ஆயில் டர்போ சீலைத் தாண்டி இன்டேக்கிலும் சைலன்சரிலும் இறங்கும், நீலப் புகை வரும். டர்போ போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். புது டர்போ மாட்டினாலும் அதே புகைதான் வரும். அளந்து பார்த்த பிறகே டர்போவைக் கழற்றுங்கள்.

மூன்றாவது, டிப் ஸ்டிக். அது தானாக மேலே எழும்பி வருகிறது என்றால் அதை வளைத்துச் செருகியோ டேப் சுற்றியோ அனுப்பிவிடக் கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது.

உயிர்போகும் விஷயம்

மூடியவகை பிரீதரில் ஆயில் அதிகமாக இன்டேக்குக்குள் போனால், எஞ்சின் டீசலை விட்டுவிட்டு ஆயிலையே எரித்து ஓடத் தொடங்கும். கட்டுக்கடங்காமல் வேகம் ஏறும். சாவியைத் திருப்பினாலும் ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காது, ஏனென்றால் எரிவது டீசலே இல்லை. டிப் ஸ்டிக் குறிக்குமேல் ஆயில் ஊற்றியது, ஃபீட் பம்ப் சவ்வு கிழிந்து டீசல் சம்பில் இறங்கி மட்டம் ஏறியது, பிரிப்பான் டப்பாவின் திரும்பு குழாய் அடைத்தது என்று காரணங்கள் பல. ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது, டீசல் வாடை அடிக்கிறது என்றால் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

அப்படி ஓடத் தொடங்கினால் ஒரே வழி காற்றை அடைப்பதுதான். இன்டேக் வாயைவிடப் பெரிய தட்டையான பலகைத் துண்டு ஒன்றைப் பட்டறையில் எட்டும் இடத்தில் எப்போதும் வைத்திருங்கள். அதை வாயில் அழுத்தி மூட வேண்டும். கையாலோ துணியாலோ மூடக் கூடாது. உறிஞ்சும் வேகம் அவ்வளவு. ஃப்ளைவீலுக்கும் ஃபேனுக்கும் நேராக யாரும் நிற்கக் கூடாது.

வாய்க்காலில் கவிழ்ந்து தூக்கி நிறுத்திய வண்டிக்கும் இதே எச்சரிக்கை. ஆயில் பிரீதர் வழியே இன்டேக்குக்கும், ரிங் வழியே சிலிண்டருக்கும் போயிருக்கும். கூடியிருப்பவர்கள் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள் என்பார்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றவிட்டு, சிலிண்டரிலுள்ள ஆயிலை வெளியேற்றி, பிரீதர் குழாயையும் ஏர் ஃபில்டர் குழாயையும் துடைத்து, மட்டம் பார்த்த பிறகுதான் சாவி. இல்லையென்றால் கனெக்டிங் ராடு வளையும்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். பழைய எஞ்சின் ஆயில் ஆண்டுக்கணக்கில் தோலில் பட்டால் தோல் புற்றுநோய் அபாயம் உண்டு. கையுறை அணியுங்கள், ஆயில் பட்ட கையை டீசலில் கழுவாமல் சோப்பில் கழுவுங்கள், ஆயில் துணியைச் சட்டைப் பையில் வைத்துத் திரியாதீர்கள். பிரீதர் புகையைச் சோதிக்கும்போது ஷெட் கதவு திறந்திருக்கட்டும். வடித்த ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல், பழைய ஆயில் எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் கொடுங்கள்.

தொழிலில் இது எப்படி உதவும்

ஜாப் கார்டில் "பிரீதர் கிளீன்" என்று இரண்டு வார்த்தை எழுதுவது போதாது. மணி மீட்டர் அளவு, குழாய் நுனியில் என்ன இருந்தது, சுத்தம் செய்யும் முன் ஐடிலிலும் முழு த்ராட்டிலிலும் எத்தனை மில்லிமீட்டர், செய்த பிறகு எத்தனை என்று எழுதுங்கள். அடுத்த சர்வீஸில் அதே வண்டி வரும்போது பழைய எண்ணோடு ஒப்பிடலாம். எண் மெல்ல ஏறிக்கொண்டே போனால், எஞ்சின் வேலை எப்போது வரும் என்று ஓனருக்கு ஒரு போகம் முன்னதாகவே சொல்லிவிடலாம். "அண்ணே, இந்த சம்பா ஓட்டிடலாம். அறுப்பு முடிஞ்சதும் ரிங் வேலை வச்சுக்குவோம், பணத்தை ஒதுக்கி வைங்க" என்று சொல்லும் மெக்கானிக்கை அந்த வீட்டில் மூன்று தலைமுறைக்கு நினைவு வைத்திருப்பார்கள்.

கூலி வாங்கத் தயங்காதீர்கள். கால் மணி நேரத்தில் முடிந்தது என்பதால் இலவசமாகச் செய்தால் அதற்கு மதிப்பே இல்லையென்று ஆகிவிடும். சோதனைக் கட்டணம் என்று தனியாகச் சொல்லி, என்ன பார்த்தீர்கள் என்று பலகையிலுள்ள தண்ணீர் மட்டத்தையே அவருக்குக் காட்டுங்கள். கண்ணால் பார்த்ததற்குப் பணம் தர விவசாயி தயங்குவதில்லை. பழுதில்லாத பாகத்தை மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஷோரூமில் சேர்கிறவர்கள் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் மேனுவலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கிராங்க் கேஸ் அழுத்த அளவு பெரும்பாலும் கோளாறு கண்டறியும் அட்டவணையில் இருக்கும். மேலே படிக்க நினைப்பவர்களுக்கு மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையங்கள் உள்ளன. முதலாவது 1955-ல் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் தொடங்கப்பட்டது. தென் மாநிலங்களுக்கானது ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் கார்லதின்னேயில் இருக்கிறது. டிராக்டரையும் பண்ணைக் கருவிகளையும் ஓட்டவும் பராமரிக்கவும் அங்கே பயிற்சி தருகிறார்கள். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி உதவித்தொகையோடு அப்ரன்டிஸாகச் சேரலாம். சேரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஷோரூம் எவ்வளவு பளபளப்பு என்று பார்க்காதீர்கள். வயலுக்குப் போய்ச் சர்வீஸ் செய்யும் ஆட்களோடு உங்களையும் அனுப்புவார்களா என்று கேளுங்கள். அனுப்புவார்கள் என்றால் சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் அங்கேயே சேருங்கள்.